கிண்டியில் மே மாதம் பார்த்த கொம்புள்ள புள்ளிமான்களை டிசம்பரில் காணோமே?

அவை எங்கும் போய்விடவில்லை. மே மாதத்தில் கிண்டி தேசியப் பூங்காவில் நீங்கள் கொம்புடன் பார்த்த ஆண் புள்ளிமான்களில் பல, இப்போது கொம்பை உதிர்த்துவிட்டு, பெண் மான்களுக்கு நடுவே அடையாளம் தெரியாமல் மேய்ந்துகொண்டிருக்கும் என்பதே பெரும்பாலும் காரணமாக இருக்க வேண்டும். புள்ளிமானின் கிளைக்கொம்பு எலும்பால் ஆனது. ஆண்டுதோறும் விழுந்து புதிதாக முளைப்பது. தென்னிந்தியாவில் முற்றிய கொம்புகளைக் கோடையில்தான் மிகுதியாகக் காணலாம்.

அடுத்த முறை இருநோக்கியை மானின் முகத்தில் நிறுத்திப் பாருங்கள். காதுகளுக்குச் சற்று முன்னால் இரண்டு சிறு மேடுகளோ, மென்மயிர் போர்த்த, நுனி மழுங்கிய தண்டுகளோ தெரிந்தால் அது ஆண். பெண்ணுக்கு அந்த இடம் வழவழப்பாக இருக்கும். மென்மயிர்த் தோலுக்குள் ரத்தம் ஓடிக் கொம்பு வளரும் இந்தப் பருவம், முற்றிய கொம்பைவிடக் கவனித்துப் பார்க்கத் தக்கது என்பேன்.

ஆனால் எல்லா ஆண்களும் ஒரே சமயத்தில் உதிர்ப்பதில்லை. டிசம்பரிலும் முழுக் கொம்புடன் சில நிற்கலாம். அதே பூங்காவிலுள்ள வெளிமானுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதன் முறுக்குக் கொம்பு விழுவதே இல்லை. உதிர்ந்த கொம்பு கண்ணில் பட்டால் எடுக்க வேண்டாம். தேசியப் பூங்காவிலிருந்து அதைக் கொண்டுபோவது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.