வேலியைப் பிடுங்குவதற்கு முன்

அன்புள்ள அக்கா,

தாராபுரம் பக்கம் எங்களுக்கு 8 ஏக்கர் மானாவாரிக் காடு இருக்கிறது. அப்பா இறந்த பிறகு, திருப்பூரில் பார்த்துக்கொண்டிருந்த கணக்கு வேலையை விட்டுவிட்டு இரண்டு வருடங்களாக நானே வெள்ளாமை பார்க்கிறேன். சோளம், கொள்ளு, கொஞ்சம் நிலக்கடலை. ரசாயன உரம் போடுவதில்லை. மயில்தான் பெரிய தொல்லை. விதைத்த கடலையில் பாதியைக் கிளறித் தின்றுவிட்டன. முள்மரமான கிளுவையை நெருக்கி நட்டு வளர்த்த பழைய கிளுவை வேலிதான் அவற்றுக்கு மறைவு, பொக்லைன் வைத்து அதை எடுத்துவிட்டுக் கல்லுக்கால் நட்டுக் கம்பிவலை போட்டால் நிலமும் கூடும் என்கிறார் பக்கத்துக் காட்டுக்காரர். மருந்து கலந்த தானியம் வைக்கச் சொன்னார் இன்னொருவர். எனக்கு மனம் வரவில்லை. இயற்கை விவசாயச் சான்றிதழ் வாங்கலாமா? நாட்டு மாடு கட்டாயமா? காட்டுயிர்களையும் காப்பாற்றிக் குடும்பமும் பிழைக்க முடியுமா, அல்லது அதெல்லாம் எழுதுகிறவர்களுக்கு மட்டும்தானா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் ஊரிலிருந்து திரும்பியிருந்தேன். காங்கேயம் பக்கத்தில் அண்ணனின் சாளையில், அதாவது காட்டு வீட்டில், நான்கு நாள் தங்கினேன். நான்கு நாளும் விடிவதற்கு முன்பே எழுந்து வாசல் திண்ணையில் உட்கார்ந்தேன். ஒரு கவுதாரிகூடக் கத்தவில்லை. சிறு வயதில் எங்களுக்குக் கடிகாரமே அதுதான். ஒன்று தொடங்கினால் அடுத்த காட்டிலிருந்து இன்னொன்று பதில் சொல்லும், அந்தச் சத்தம் வேலி வேலியாகத் தாவி ஊர் வரைக்கும் போகும். இந்த முறை மோட்டார் ஓடும் சத்தம் மட்டும்தான். அதையே நினைத்துக்கொண்டிருந்தபோது உங்கள் கடிதத்தில் "பழைய கிளுவை வேலி" என்ற சொல்லைப் படித்தேன்.

முதலில் மருந்து கலந்த தானியம். அதைச் சொன்னவரோடு சகவாசம் வேண்டாம். மயில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, கொன்றால் சிறை. சட்டத்தை விடுங்கள். அந்தத் தானியத்தை மயில் மட்டுமா பொறுக்கும்? காடை, புறா, கவுதாரி, உங்கள் வீட்டுக் கோழி எல்லாம் பொறுக்கும். செத்து விழுந்ததைத் தின்னும் நாயும் சாகும். மனம் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்த மனத்தை நம்புங்கள்.

சான்றிதழ், கடலையை யாருக்கு விற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. உள்ளூர்ச் சந்தைக்கு அது தேவையில்லை. மாடு, தீனிக்கு வழியிருந்தால் வையுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம். இவற்றில் எனக்குப் பெரிய அக்கறை இல்லை.

வேலிக்கு வருகிறேன். மயில் பறக்கும், தம்பி. கம்பிவலை போட்டு மயிலைத் தடுக்கலாம் என்று ஒருவர் சொல்ல, நீங்களும் அதைக் கேட்டுக்கொண்டு வந்து எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். நாலு அடி வலையை அது ஒரு எம்பில் தாண்டிவிடும். வலை தடுக்கப்போவது கீரியையும் உடும்பையும் முயலையும்தான். நிலம் கூடும் என்றாரே, எவ்வளவு கூடும் என்று கணக்குப் பார்த்தீர்களா? கணக்கு வேலை பார்த்தவர்தானே. 8 ஏக்கர் சதுரமாக இருந்தால் சுற்றளவு 720 மீட்டர். வேலி 2 மீட்டர் அகலம் என்று வைத்தாலும் கிடைப்பது 35, 36 சென்ட். மழை ஏய்த்த வருடத்தில் அந்த 36 சென்ட் சோளம் உங்களுக்கு எதைக் கொடுக்கும்? அதே வருடத்தில் கிளுவைத் தழையை வெட்டிப் போட்டால் ஆடு பிழைத்துக்கொள்ளும்.

மயில் கிளுவையடியில் மறைகிறது, அங்கேயே முட்டையும் இடுகிறது. உண்மைதான். ஆனால் அந்த முட்டையைத் தின்னும் கீரிக்கும் உடும்புக்கும் நரிக்கும் அதே வேலிதான் வீடு. எங்கள் அப்பாரு (தாத்தா) காலத்தில் மார்கழி இரவுகளில் குள்ளநரி ஊளையிடாத நாள் இல்லை. இன்று ஊருக்கு ஒரு நரியைக் காட்டுங்கள் பார்க்கலாம். மயில் பெருகியதற்குக் காரணங்களில் ஒன்று அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவை போனதுதான். அவை போனதற்கு ஒரு காரணம் வேலிகள் போனது. மயிலுக்காக வேலியைப் பிடுங்கினால் மிஞ்சப்போவது மயில் மட்டும்தான்.

நம் பக்கத்தில் மானாவாரி நிலத்துக்குக் காடு என்றே பெயர். "காட்டுக்குப் போய் வருகிறேன்" என்றால் வெள்ளாமைக்குப் போகிறோம் என்று பொருள். பெயர் வைத்தவர்கள் தெரிந்து வைத்தார்களோ இல்லையோ, நிலம் அப்படித்தான் இருந்தது. மழை வருடத்துக்குச் சுமார் 600 மில்லிமீட்டர். அதை நம்பி முழு நிலத்தையும் உழுதால் பட்டினிதான் என்று தெரிந்தவர்கள், ஒரு பகுதியைக் கொறங்காடாக விட்டார்கள். கொழுக்கட்டைப் புல், நடுவே வெள்வேல மரங்கள், சுற்றிலும் கிளுவை. மேய்ப்பவர் இல்லாமலேயே மாடு உள்ளே மேயும். இரண்டு வேலிகளுக்கு நடுவே வண்டித்தடமாகப் போவது இட்டேரி. எங்கள் இட்டேரியில் கிளுவை மட்டுமா இருந்தது? பிரண்டை, கோவை, வேலிப்பருத்தி, சூரை, காரை, கள்ளி, குன்றிமணி எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கோவைப்பழத்துக்கு நாங்களும் கிளிகளும் போட்டி போடுவோம்.

ஒருநாள் அப்பாரு என்னைக் கூப்பிட்டு ஒரு கிளுவை முள்ளைக் காட்டினார். அதில் ஒரு வெட்டுக்கிளி குத்தி நின்றது. இறக்கை மட்டும் காற்றில் ஆடியது. யாரோ விளையாட்டுப் பிள்ளைகள் செய்தது என்று நினைத்தேன். "கீச்சானுடைய சோற்றுப் பானை, தொடாதே" என்றார். சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். சாம்பல் தலையும் கறுப்புக் கண்பட்டையுமாக ஒரு சிறிய பறவை வந்து, தலையைச் சாய்த்து என்னைப் பார்த்துவிட்டு, வெட்டுக்கிளியின் கால்களை ஒவ்வொன்றாகப் பிய்த்துத் தின்றது. அப்பாரு பூச்சிமருந்து வாங்கியதாக எனக்கு நினைவில்லை.

அந்த வேலியைத்தான் என் அண்ணன் 16 வருடங்களுக்கு முன் எடுத்தார். முந்தின நாள் எனக்குப் போன் செய்து கேட்டார். நிலம் அவர் பங்கு, நான் கட்டிக்கொடுத்துப் போனவள், எனக்கென்ன என்று "உங்கள் இஷ்டம்" என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாள் கழித்துப் போனபோது கிளுவைத் தூர்கள் வேர்மண்ணோடு புரண்டு கிடந்தன. ஒரு தூருக்கு அடியில் கவுதாரிக் கூடு. ஆறு முட்டை, பாலேட்டின் நிறம். இரண்டு உடைந்திருந்தன. மீதி நான்கும் சில்லிட்டுக் கிடந்தன. எழுதுகிறவர்களுக்கு மட்டும்தானா என்று கேட்டீர்களே, எழுதுகிறவளாக இருந்தும் அந்தப் போனில் ஒரு வார்த்தை சொல்லத் தவறினேன். அந்தக் கேள்வி என்னைச் சுட்டது அதனால்தான்.

அதன்பின் ஒவ்வொரு ஆடியிலும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று அண்ணன் காட்டின் மேல்மண்ணை அள்ளிக்கொண்டு போவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கல்லுக்காலின் அடியில் மண் குறைந்து, நட்ட அடையாளம் வெளியே தெரிகிறது.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். ரசாயன உரம் போடுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். களைக்கொல்லி பற்றி ஒரு வார்த்தை இல்லை. அடிக்கிறீர்களா? கிளைபோசேட்டைப் பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் மட்டுமே கையாள வேண்டும் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் உத்தரவிட்டது. ஆனாலும் நம் வரப்புகள் செம்பட்டை நிறத்தில் காய்ந்து கிடப்பதைப் பார்க்கிறோம். சுத்தமாக இருக்கிறதாம். சுத்தம் வீட்டுத் தரைக்கு வேண்டும், வரப்புக்கு எதற்கு?

இங்கிலாந்தில் சசெக்ஸ் பகுதியின் தானிய வயல்களில் டிக் பாட்ஸ் என்ற ஆய்வாளர் 1968இல் தொடங்கி அந்த ஊர்க் கவுதாரியைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். அது குறைந்துவந்ததற்கு அவர் கண்ட முக்கியக் காரணம் இதுதான். களைக்கொல்லியால் களை போனது. களையை நம்பியிருந்த பூச்சி போனது. பெரிய கவுதாரி தானியம் தின்று வாழ்ந்துவிடும். குஞ்சுக்கு முதல் இரண்டு வாரம் பூச்சிதான் உணவு, அது இல்லாமல் செத்தது. அவர்கள் செய்த மாற்று மிக எளியது. வயலின் ஓரத்தில் சுமார் 6 மீட்டர் அகலத்துக்கு மருந்தைக் குறைத்து, களையைக் கொஞ்சம் விட்டுவைத்தார்கள். குஞ்சுகள் பிழைத்தன. அங்கே விளைவது கோதுமை, நம்மிடம் சோளம். கவுதாரியும் வேறு வகைதான். ஆனால் நம்முடையதும் புழுவும் கறையானும் கொத்தித்தான் வளர்கிறது. உங்கள் வேலியை ஒட்டி நாலு முழம் களை வெட்டாமல் விடுங்கள். அதில் வருகிற துத்தியையும் தும்பையையும் பார்த்துப் பக்கத்துக் காட்டுக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

மயிலுக்கு என்ன செய்வது என்று நீங்கள் கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. கடலை விதைத்த முதல் இரண்டு வாரம்தான் ஆபத்து. காலையும் மாலையும் காட்டில் ஆள் இருக்க வேண்டும், வேறு வழி இல்லை. பக்கத்துக் காடுகளோடு பேசி எல்லாரும் ஒரே வாரத்தில் விதையுங்கள். மேய்கிற வாய்கள் பரவிவிடும், சேதம் ஒருவர் தலையில் விழாது, காவலையும் முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்ளலாம். அப்படியும் கொஞ்சம் போகும்.

பொக்லைன்காரரிடம் முன்பணம் கொடுத்திருந்தால் திரும்ப வாங்குங்கள். ஒருநாள் விடியலில் உங்கள் வேலியை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். என்னென்ன இருக்கிறது என்று எழுதி அனுப்புங்கள், முள்ளில் குத்திய பூச்சி இருந்தால் அதையும். ஒருமுறை காங்கேயம் பக்கத்தில் இருக்கும் குட்டப்பாளையம் போய் அங்கே கொறங்காட்டை எப்படிப் பேணுகிறார்கள் என்று பார்த்துவிட்டும் வாருங்கள்.

மழைக்கு முன் எனக்கு இரண்டு கட்டுக் கிளுவைக் குச்சி வேண்டும். அண்ணனிடம் பேசிவிட்டேன். காற்று வரும் மேற்கு ஓரம் மட்டும் நட்டுக்கொள் என்று சொல்லியிருக்கிறார். வெட்டும்போது கை விரல் தடிமனுக்குக் குறையாமல் பார்த்து வெட்டுங்கள், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அக்கா