மன்றத்தை விடச் சொல்லாதீர்கள்

கேள்வி: என் மகள் கடலூரில் ஒரு சின்னக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. தாவரவியல் முதலாமாண்டு படிக்கிறாள். தினமும் குறிஞ்சிப்பாடியிலிருந்து பஸ்ஸில் போய் வருகிறாள். துறை மன்றம், என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) என்று சேர்ந்துகொண்டு வாரத்தில் இரண்டு நாள் இருட்டிய பிறகுதான் வீடு வந்து சேருகிறாள். கேம்பஸ் இன்டர்வியூவே நடக்காத காலேஜில் மன்றம் வேறயா என்று அவள் அப்பா சத்தம் போடுகிறார். சென்னையில் சேர்த்திருக்கலாமோ என்று எனக்கும் மனசு அடித்துக்கொள்கிறது. எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் படிப்பை மட்டும் பார்க்கச் சொல்லட்டுமா?

பதில்: சொல்லாதீர்கள், அம்மா. உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கல்லூரியில் அவளுக்குக் கிடைக்கக்கூடிய நல்லதில் பாதி, கடைசி மணி அடித்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. அதைப் பிடுங்கிவிட்டால், சின்னக் கல்லூரியின் குறைகள் மட்டும்தான் மிஞ்சும்.

குறைகள் இருக்கின்றன. கம்பெனிகள் தேடி வருவதில்லை, ஆய்வகத்தில் கருவிகள் போதாது, நூலகம் சிறியது. அதே சமயம், முப்பது நாற்பது பேர் படிக்கும் வகுப்பில் உங்கள் மகளின் பெயரும் ஊரும் பேராசிரியருக்குத் தெரியும். பெரிய கல்லூரியில் மன்றச் செயலாளர் ஆவதற்குப் பெரிய போட்டி. இங்கே பொறுப்பைக் கேட்கிற பிள்ளைக்குப் பொறுப்பு கிடைக்கும். கேட்பதற்கு அந்த நேரத்தில் அவள் அங்கே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மன்றம் என்றால் மாலை போட்டுப் படம் எடுத்துக்கொள்வது என்று அவள் அப்பா நினைத்திருக்கலாம். ஒரு துறை மன்றக் கூட்டம் நடத்துவதில் என்ன வேலை இருக்கிறது என்று அவரிடம் சொல்லுங்கள். சிறப்பு விருந்தினருக்குக் கடிதம் எழுத வேண்டும், பெரும்பாலும் ஆங்கிலத்தில். முதல்வரிடம் அனுமதிக் கையெழுத்து வாங்க வேண்டும். அரங்கம், மைக், பேனர், பொன்னாடை, டீ எல்லாவற்றுக்கும் கிடைக்கும் சொற்பப் பணத்துக்குள் முடித்து, ரசீதுகளை ஒட்டிக் கணக்கு ஒப்படைக்க வேண்டும். விருந்தினர் வர ஒரு மணி நேரம் தாமதமானால் அத்தனை பேரையும் உட்காரவைக்க வேண்டும். முடிந்த பிறகு, கல்லூரிகளைத் தரமதிப்பிட வரும் நாக் குழுவுக்குக் காட்டுவதற்காகப் படங்களோடு அறிக்கை எழுதித் தர வேண்டும். பத்தொன்பது வயதில் இதை நான்கு முறை செய்த பெண்ணுக்கும், பஸ் பாஸும் நோட்டுமாக மூன்று வருடத்தைக் கழித்த பெண்ணுக்கும் நேர்முகத் தேர்வில் உள்ள வித்தியாசத்தை நான் கண்ணால் பார்த்து வருகிறேன். ‘நீங்கள் பொறுப்பேற்றுச் செய்த ஒரு வேலையைச் சொல்லுங்கள்’ என்று கேட்டவுடன் இரண்டாவது பெண் தலையைக் குனிந்துகொள்கிறாள். அறிவில் அவள் குறைந்தவள் இல்லை. சொல்வதற்கு அவளிடம் ஒன்றும் இல்லை.

தாவரவியல் எடுத்ததைப் பற்றியும் வருத்தம் வேண்டாம். அந்தப் பாடத்துக்குக் கடலூர் மாவட்டம் மாதிரி இடம் அமைவது அபூர்வம். தேவனாம்பட்டினம் கடற்கரையில் அடப்பங்கொடியும் ராவணன் மீசையும் மணலைப் பிடித்து வைத்திருக்கின்றன. பிச்சாவரத்தில் சுரபுன்னைக் காடு. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் மையம். பாலூரில் காய்கறி ஆராய்ச்சி நிலையம், விருத்தாசலத்தில் முந்திரி ஆராய்ச்சி நடக்கும் மண்டல நிலையம், இரண்டும் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தினுடையவை. பஸ் ஏறினால் புதுச்சேரி. அங்கே 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் தென்னிந்தியத் தாவரங்களை உலர்த்திப் பாதுகாக்கும் ஹெர்பேரியம் இருக்கிறது. இந்த இடங்களுக்குத் தனியாகப் போய் நிற்கும் முதலாமாண்டு மாணவிக்கு எளிதில் கதவு திறக்காது. துறை மன்றத்தின் பெயரில், பேராசிரியர் கையெழுத்திட்ட கடிதத்தோடு போனால் பல இடங்களில் உட்காரவைத்துப் பேசுவார்கள்.

ஹெர்பேரியம் ஷீட் தயாரிப்பதை வீட்டில் ஒருமுறை பக்கத்தில் இருந்து பாருங்கள். பூவும் காயும் உள்ள கிளையாகப் பார்த்து வெட்ட வேண்டும். எடுத்த இடத்திலேயே எண் போட்டு, பூவின் நிறத்தைக் குறிக்க வேண்டும், ஏனென்றால் காய்ந்தால் நிறம் மாறிவிடும். செய்தித்தாள்களுக்கு நடுவில் விரித்து அழுத்தி, ஆரம்ப நாட்களில் தினமும் தாளை மாற்றாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். பிறகு அட்டையில் தைத்து, பெயர், குடும்பம், ஊர், தேதி, சேகரித்தவர் பெயர் எழுதி ஒட்டுவார்கள். உங்கள் தெருவோரச் செடிகளிலேயே நூறு ஷீட் ஒழுங்காகச் செய்து வைத்தால், மேல்படிப்பிலோ ஆய்வுத் திட்ட வேலையிலோ அவளை நேர்காணல் செய்பவர் அந்த ஷீட்டுகளை மேசையில் பிரித்துப் பார்க்காமல் இருக்க மாட்டார்.

என்.எஸ்.எஸ். விஷயத்துக்கு வருகிறேன். 1969-இல் காந்தி நூற்றாண்டில் தொடங்கிய திட்டம் அது. ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டில் 240 மணி நேரச் சேவை, கூடவே ஒரு கிராமத்தில் ஏழு நாள் சிறப்பு முகாம். இங்குள்ள பட்டப்படிப்புகளில் பாகம் ஐந்து என்று விரிவாக்கப் பணிக்கு ஒரு கிரெடிட் ஒதுக்கியிருக்கிறார்கள், ஆகவே அதைப் படிப்புக்கு வெளியே உள்ள பொழுதுபோக்கு என்று தள்ள முடியாது. அதைவிட முக்கியமாக, நம் மாவட்டம் 2004 சுனாமியையும் 2011 டிசம்பர் 30 தானே புயலையும் 2015 வெள்ளத்தையும் பார்த்தது. தானே புயலில் பண்ருட்டிப் பக்கம் வேரோடு சாய்ந்த முந்திரியும் பலாவும் உங்களுக்கு நினைவிருக்கும். முகாமுக்குப் போன ஊரில் அப்படி விழுந்த மரங்களுக்குப் பதிலாக என்ன நட்டார்கள், எது பிழைத்தது என்று வீடு வீடாகக் கேட்டு எழுதினாலே மூன்றாமாண்டு புராஜெக்ட்டுக்கு நல்ல தலைப்பு கிடைத்துவிடும். வேறு யாருடைய புராஜெக்ட்டையோ டிடிபி கடையில் வாங்கி அட்டை மாற்றித் தருகிற அவலம் அவளுக்கு வேண்டாம்.

ஒரு கண்டிப்பு அவசியம். துறை மன்றமும் என்.எஸ்.எஸ்.ஸும் போதும். முத்தமிழ் மன்றம், செஞ்சுருள் சங்கம், இளைஞர் செஞ்சிலுவை, நுகர்வோர் மன்றம் என்று எல்லாப் பட்டியலிலும் பெயர் கொடுக்கும் பிள்ளைகள் எதிலும் வேலை செய்வதில்லை, சான்றிதழ் மட்டும் சேர்க்கிறார்கள். வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. கூட்டத்துக்குப் போன நாளுக்கு ஓ.டி. (கல்லூரி வேலையாகப் போனதாக வருகை) போட்டார்களா என்று அன்றே பார்த்துவிட வேண்டும். அரியர் விழுந்தால் அந்தப் பருவத்தில் பொறுப்பிலிருந்து விலகி நிற்கட்டும், இதை இப்போதே அவளோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

அவள் அப்பாவுக்குப் பட்டம் முடித்தபின் என்ன என்பதுதான் உண்மையான கவலை என்று நினைக்கிறேன். பி.எஸ்சி. தாவரவியலோடு இந்திய வனப்பணித் தேர்வு எழுதலாம், அதற்கு அனுமதிக்கப்பட்ட பாடங்களில் இதுவும் ஒன்று. கடினமான தேர்வு, ஆனால் கதவு திறந்திருக்கிறது. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2-க்கு எந்தப் பட்டமும் போதும். எம்.எஸ்சி., பி.எட். முடித்தால் மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் ஆசிரியர் பணிக்கு முயலலாம். காலாப்பட்டில் உள்ள புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சூழலியல் முதுகலை இருக்கிறது. அதற்கு கியூட் பி.ஜி. நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், விண்ணப்பிப்பது மூன்றாமாண்டு படிக்கும்போதே. பலர் டிகிரி கையில் வரட்டும் என்று காத்திருந்து ஒரு வருடத்தை இழக்கிறார்கள். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவள் என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். அந்தப் பணத்தைப் புத்தகத்துக்கும் களப்பயணத்துக்கும் அவளிடமே விட்டுவிடுங்கள்.

இருட்டில் வருவது பற்றிய பயம் நியாயமானது, அதற்கு வழி செய்ய வேண்டும். அடுத்த வாரம் நீங்கள் இருவரும் கல்லூரிக்குப் போய் துறைத் தலைவரைப் பாருங்கள். கூட்டங்கள் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு முடியும், குறிஞ்சிப்பாடி வழியாகப் போகிற வேறு பிள்ளைகள் யார், களப்பயணத்துக்கு உடன் வரும் ஆசிரியை யார் என்று கேளுங்கள். நேரமானால் யாருக்குப் போன் செய்வது என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவள் அப்பாவையும் கட்டாயம் அழைத்துப் போங்கள், அந்தப் பேராசிரியர் அவர் மகளைப் பற்றிச் சொல்வதை அவரே நேரில் கேட்கட்டும்.