நான்கு தட்டுக் கணக்கு

கேள்வி: ஆச்சிக்கு வணக்கம். நான் புதுவயலில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். வீடு காரைக்குடியில். மாலை ஆறேகாலுக்குப் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்தால், உட்கார நேரமில்லாமல் இரவுப் பலகாரத்துக்கு ஓட வேண்டியிருக்கிறது. கணவர் ஏழு மணிக்கு வந்துவிடுவார். மகள் பன்னிரண்டாம் வகுப்பு, மகன் எட்டாம் வகுப்பு; இருவரும் டியூஷன் முடிந்து ஏழரைக்குள் வந்துவிடுவார்கள். மாமியாருக்குச் சர்க்கரை இருப்பதால் எட்டு மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும். வாரத்தில் நான்கு நாள் தோசைதான். ஒவ்வொருவரும் ஒவ்வொரு நேரத்துக்கு வந்து கேட்பார்கள். சுடச்சுட ஊற்றிக் கொடுப்பேன். எங்கள் வீட்டு வழக்கம் அது. எல்லாம் முடிய ஒன்பதரை ஆகிவிடுகிறது. கழுவ விழுவது நான்கு தட்டுதான் என்பது ஒன்றுதான் ஆறுதல். வேலைக்குப் போகும் பெண்கள் அரை மணி நேரத்தில் செய்யக்கூடிய எளிய இரவு உணவாகப் பத்துச் சொல்லுங்கள்.
— ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டாவது முறை படிக்கும்போது விரல்விட்டு எண்ணினேன். மாமியார், கணவர், மகள், மகன், நீங்கள். ஐந்து பேர். கழுவ விழும் தட்டு நான்கு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஐந்தாவது தட்டு எங்கே, அம்மா?

எங்கே என்று எனக்குத் தெரியும். அது காலையில் கழுவிக் கவிழ்த்த இடத்திலேயே இருக்கிறது. எல்லோருக்கும் ஊற்றி முடித்தபிறகு, கல்லில் ஒட்டி ஓரம் பிய்ந்துபோன தோசையைக் கையில் எடுத்து, சட்னிக் கிண்ணத்தின் அடியை வழித்து, மேடையோரம் நின்றபடியே வயிற்றை நிரப்பிக்கொள்கிறீர்கள். அதற்குத் தட்டு எதற்கு? பகலெல்லாம் வகுப்பில் நின்று, பஸ்ஸில் இடம் கிடைக்காத நாளில் அங்கேயும் நின்று, வீட்டுக்கு வந்தும் நின்றுகொண்டே சாப்பிடுகிற ஒருத்தி அதை ஆறுதல் என்று எழுதுகிறாள். பத்துப் பலகாரம் கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன், பத்து இல்லை, மூன்று நான்கு. அதற்கு முன்னால் இந்தத் தட்டைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

என் மகளுக்குக் கல்யாணமான மறுவருடம் அவள் வீட்டில் ஒரு வாரம் தங்கினேன். முதல் நாள் இரவு தண்ணீர் எடுக்க அடுப்படிக்குப் போனபோது அவள் கல்லுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். வலது கையில் தோசைக் கரண்டி. இடது கையில் நான்காக மடித்த தோசை. கல்லில் இருந்ததை வலது கையால் திருப்பிப் போட்டுவிட்டு, இடது கையில் இருந்ததை ஒரு வாய் கடித்தாள். சோற்றை இடது கையால் தொட்டுவிட்டாள் என்று மூன்று வயதில் அவள் கையில் அடித்தவள் நான். அன்றைக்கு எனக்குப் பேச்சு வரவில்லை. இருபது வருடத்துக்கு மேல் நான் அப்படித்தான் நின்றேன், அப்படித்தான் மடித்தேன், அதே கையால்தான் தின்றேன். பாட்டு, கணக்கு, கோலம் எல்லாம் அவளுக்கு உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். இதை ஒரு நாளும் சொல்லிக்கொடுக்கவில்லை. இதுதான் அட்சரம் பிசகாமல் அவளுக்கு வந்திருந்தது.

உங்கள் மகள் இரண்டு தோசையை வாங்கிக்கொண்டு புத்தகத்துக்கு முன்னால் போய் உட்காருகிறாளே, போகும்போது உங்களைப் பார்த்துக்கொண்டுதான் போகிறாள். படிக்கிற பெண்ணைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று நினைக்கிறீர்கள். அவள் படித்து, வேலைக்குப் போய், உங்களைப் போலவே ஆறேகாலுக்குப் பஸ்ஸை விட்டு இறங்கி, உங்களைப் போலவே நிற்பதற்கா இவ்வளவு படிப்பு? மகனும் பார்க்கிறான். நாளை அவன் வீட்டுக்கு வரும் பெண்ணை அவன் எங்கே நிற்கவைப்பான் என்று யோசித்துப் பாருங்கள். பிள்ளைகளுக்கு ஊட்டி வளர்ப்பது மட்டும் தாயின் கடமை இல்லை. எப்படிச் சாப்பிட வேண்டும் என்று காட்டிக்கொடுப்பதும் கடமை. அந்தக் கடமையில் நீங்கள் தவறிக்கொண்டிருக்கிறீர்கள். நானும் தவறினேன், அதனால்தான் இவ்வளவு கடுமையாகச் சொல்கிறேன்.

‘எங்கள் வீட்டு வழக்கம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த வழக்கம் என்று கேட்கிறேன். செட்டிநாட்டு நகரத்தார் வீடுகளில் மகனுக்குக் கல்யாணம் முடிந்த பிறகு வேறு வைப்பார்கள். அதே வீடு, அதே வளவு. ஆனால் அந்தப் புள்ளிக்கு, அதாவது கல்யாணமான அந்தத் தம்பதிக்கு, தனி அடுப்பு. வருடத்துக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு பணம் என்று கணக்கிட்டுக் கொடுத்துவிடுவார்கள். ஒரு வீட்டில் நான்கு மருமகள் இருந்தால் நான்கு பேரும் அவரவர் சமையலை அவரவர் பார்த்துக்கொள்வார்கள். எத்தனை பெரிய வீடாக இருந்தாலும், அத்தனை பேருக்கும் ஒருத்தியே நாள் தவறாமல் அடுப்படியில் வேகும்படி அதை அமைக்கவில்லை. விசேஷங்களில் ஆண்கள் முதல் பந்தியிலும் பெண்கள் பிறகும் உட்கார்ந்தார்கள். அது நியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கடைசிப் பந்தியிலும் பெண்கள் இலை போட்டு உட்கார்ந்துதான் சாப்பிட்டார்கள். விறகடுப்புக்கு முன்னால் மணைபோட்டு உட்கார்ந்து சுட்டவள், உட்கார்ந்தபடியாவது தின்றாள். நின்றுகொண்டு தின்பது கேஸ் அடுப்பும் சமையல் மேடையும் வந்த பிறகு நாமாகப் பழகிக்கொண்டது. அதைத் தூக்கி முன்னோர் தலையில் வைக்காதீர்கள்.

தோசைக்கு வருகிறேன். உங்கள் வீட்டில் ஐந்து பேரையும் ஒன்றாக உட்காரவிடாமல் செய்வது அதுதான். கணக்குப் போடுங்கள். ஆளுக்கு மூன்று என்றும் ஒருவருக்கு நான்கு என்றும் வைத்தால் பதினாறு தோசை. ஒன்றுக்கு இரண்டரை நிமிடம் என்றாலும் நாற்பது நிமிடம் ஒருத்தி கல்லை விட்டு நகர முடியாது. இது எல்லோரும் ஒரே நேரத்தில் வந்தால். ஒவ்வொருவராக வந்தால் கல்லைக் காயவைப்பதும் அணைப்பதுமாக ஒன்பதரை ஆகத்தான் செய்யும். அதே மாவை இட்லித் தட்டில் ஊற்றுங்கள். நான்கு குழி வைத்த தட்டு நான்கு, பதினாறு இட்லி, பன்னிரண்டு நிமிடத்தில் ஒரே ஈட்டில் வெந்துவிடும். அந்தப் பன்னிரண்டு நிமிடமும் உங்கள் கை சும்மா இருக்கும்.

வேலை நாள் இரவுக்கு என்ன செய்வது என்று முடிவு செய்ய நான் வைத்திருக்கும் கேள்வி ஒன்றுதான். முதல் வாய் எடுத்து வைக்கும் முன் அடுப்பை அணைத்துவிட முடியுமா? முடிந்தால் செய்யுங்கள். முடியாத தோசை, அடை, சப்பாத்தி, பணியாரம் எல்லாவற்றையும் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவிடுங்கள்.

இட்லிக்குக் கத்தரிக்காய்க் கோசமல்லி இருந்தால் வேறு எதுவும் வேண்டாம். நீங்கள் செய்யாததா என்ன, இருந்தாலும் வேலை முடிந்து வந்த நாளுக்கு எப்படி என்று சொல்கிறேன். ஐந்தாறு கத்தரிக்காயைக் காம்பு நீக்கி இரண்டாக வகுந்து குக்கரில் இரண்டு விசில் விடுங்கள். அது இறங்குவதற்குள் நெல்லிக்காயளவு புளியை ஊறவைத்துக் கரைத்துக்கொள்ளுங்கள். வெந்த காயின் தோலை உரித்து, புளித்தண்ணீரிலேயே போட்டுக் கையால் பிசைந்துவிடுங்கள். மத்து, மிக்ஸி எதுவும் வேண்டாம். கையால் பிசைந்தால்தான் அங்கங்கே காய் தட்டுப்படும். கடுகு, உளுத்தம்பருப்பு தாளித்து, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், ஒரு தக்காளி வதக்கி, கரைசலை ஊற்றி ஒரு கொதி. உருளைக்கிழங்கு சேர்ப்பவர்களும் உண்டு. உங்கள் மாமியாருக்காக அதை விட்டுவிடுங்கள். அவருக்கு இட்லியைக் குறைத்துக் கோசமல்லியைக் கூட வையுங்கள்.

இரவில் சோறா என்று கேட்காதீர்கள். இரவுக்குப் பலகாரம் என்று நம் ஊரில் வைத்த காலத்தில் மதியம் எல்லோரும் வீட்டில் சுடுசோறு சாப்பிட்டார்கள். இன்று உங்கள் வீட்டில் மதியம் நான்கு பேர் நான்கு இடத்தில் டப்பாவைத் திறந்து ஆறிய சோறு தின்கிறீர்கள். சூடான சோறு எந்த வேளைக்குத்தான்? வாரத்தில் இரண்டு இரவு சோறு வடியுங்கள். அரிசி களைந்த இரண்டாம் தண்ணீரைக் கொட்டாமல் எடுத்து அதில் புளியைக் கரைத்தால், சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் வெண்டைக்காய் மண்டிக்குப் பாதி வேலை முடிந்தது. நறுக்கிய வெண்டைக்காயை வழவழப்புப் போக வதக்கி, உரித்த சின்ன வெங்காயமும் பூண்டும் கீறிய பச்சைமிளகாயும் சேர்த்து வதக்கி, கரைத்ததை ஊற்றிக் கெட்டியாகும்வரை கொதிக்கவிட வேண்டியதுதான். சோறும் மண்டியும் இரண்டு அடுப்பில் ஒரே நேரத்தில் இறங்கிவிடும். மண்டி மறுநாள் இன்னும் ருசி. கொஞ்சம் கூடுதலாகவே வையுங்கள்.

வெண்பொங்கல் ஒரு நாள்: ஒரு தம்ளர் பச்சரிசி, அரைத் தம்ளர் பாசிப்பருப்பு, ஆறு தம்ளர் தண்ணீர், குக்கர் பார்த்துக்கொள்ளும். குழைந்த அரிசி சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும் என்பதால் அன்றைக்கு மாமியாருக்குக் காலையில் எடுத்துவைத்த இரண்டு இட்லி. இடியாப்பம் ஒரு நாள். அடுப்பே பற்றவைக்காமல் அரைக்கும் வரமிளகாய்த் துவையல் இருக்கிறது: ஊறவைத்த மிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு, புளி, உப்பு, மேலே நல்லெண்ணெய். வாரம் முடிந்துவிட்டது.

இதில் பலவற்றுக்குச் சின்ன வெங்காயம் வேண்டும். அதை யார் உரிப்பது? உங்கள் மாமியார் என்ன செய்கிறார் என்று கடிதத்தில் ஒரு வார்த்தையும் இல்லை; அவருடைய சர்க்கரை மட்டும்தான் இருக்கிறது. ஒரு காலத்தில் அந்த அடுப்படியை ஆண்டவர் அவர். ஒரு முறத்தில் வெங்காயத்தைப் போட்டு அவர் பக்கத்தில் வைத்து, ‘அத்தை, இதை உரித்துவைத்தால் எனக்கு உதவியாக இருக்கும்’ என்று வாய்திறந்து சொல்லுங்கள். முதல் நாள் முகம் சுளித்தாலும் சுளிக்கட்டும். பெரியவர்களை உட்காரவைத்துச் சோறு போடுவது மட்டும் மரியாதை என்று நினைத்துவிட்டோம். இந்த வீடு நடக்க என் கையும் வேண்டியிருக்கிறது என்று அவர்களை உணரவைப்பது அதைவிடப் பெரிய மரியாதை.

கணவர் ஏழு மணிக்கு வருகிறார். ஏழிலிருந்து அவர் என்ன செய்கிறார்? அதையும் நீங்கள் எழுதவில்லை. எழுதாததே பதில். தேங்காய் துருவ, சோறு வடிக்க, ஐந்து தட்டு எடுத்து வைக்க, தண்ணீர் ஊற்றி வைக்கப் பட்டம் வேண்டியதில்லை. மகனும் மகளும் ஆளுக்கு ஒரு நாள் பாத்திரம் தேய்க்கட்டும். பன்னிரண்டாம் வகுப்பு என்பதற்காகப் பத்து நிமிடம்கூடத் தரமுடியாது என்று அவள் சொன்னால், அந்தப் பத்து நிமிடத்தில் போகிற மதிப்பெண் போகட்டும்.

ஒன்றை நினைத்துப் பாருங்கள். இந்த ஊரிலிருந்து பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் கணக்கெழுதக் கப்பலேறிய ஆண்கள், மூன்று வருடத் தவணை முடிந்துதான் ஊர் திரும்பினார்கள். அத்தனை தூண் வைத்துக் கட்டிய வீடுகளில், பெண்கள் கணவனில்லாமல் எத்தனை இரவு சாப்பிட்டிருப்பார்கள். பிள்ளை நடக்கத் தொடங்கியதைப் பக்கத்தில் இருந்து பார்க்காத தகப்பன்கள் இருந்தார்கள். இன்றும் சிங்கப்பூரிலும் துபாயிலும் பிள்ளையை விட்டுவிட்டு, பெரிய முகப்பில் தனியாக உட்கார்ந்திருக்கும் தாய்மார்களை உங்கள் தெருவிலேயே பார்க்கலாம். உங்கள் வீட்டில் ஏழரை மணிக்கு ஐந்து பேரும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறீர்கள். அந்த ஐந்து பேரும் ஐந்து நேரத்தில் தோசை வாங்கிக்கொண்டு ஐந்து மூலைக்குப் போகிறீர்கள். எனக்கு மனது பொறுக்கவில்லை.

மாமியார் எட்டு மணிக்குள் சாப்பிட வேண்டும் என்று எழுதினீர்கள். அதையே உங்கள் வீட்டு நேரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஏழேமுக்காலுக்கு எல்லோரும் உட்கார வேண்டும். பெரியவருக்காக வீடு தன் நேரத்தை மாற்றிக்கொள்வதில் ஒரு குறையும் இல்லை. யாராவது ‘எனக்குப் பிறகு’ என்றால் பிறகு ஆறிய இட்லிதான். எழுந்து போய்ச் சுடவைத்துக் கொடுக்காதீர்கள். முதல் வாரம் முணுமுணுப்பார்கள். நீங்களே உட்காரமுடியாமல் இரண்டு முறை எழுந்திருப்பீர்கள், ஊறுகாய் எடுக்கிறேன், மோர் எடுக்கிறேன் என்று. வேண்டியதை எல்லாம் முன்னாலேயே நடுவில் கொண்டுவந்து வைத்துவிட்டு உட்காருங்கள். ஞாயிற்றுக்கிழமை தோசைக்குக் கல்லின் முன் உங்கள் கணவர் நிற்கட்டும். முதல் நான்கைந்து பிய்ந்துதான் வரும். பழகிக்கொள்வார்.

வரும் திங்கட்கிழமை இட்லியில் தொடங்குங்கள். ஐந்து தட்டும் கழுவிக் கவிழ்த்த பிறகு எனக்கு ஒரு கடிதம் போடுங்கள். யார் கழுவினார்கள் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.