நீரில் ஊறிய விரல் சுருங்குவது ஏன்?

கேள்வி: பாபநாசத்தில் ஆற்றில் வெகுநேரம் குளித்துவிட்டுக் கரையேறினால் விரல் நுனிகள் மட்டும் சுருங்கிப்போகின்றன; உடம்பெல்லாம் புல்லரிக்கிறது. “தண்ணியில ஊறினா தோல் அப்படித்தான் ஆகும்” என்கிறார் எங்கள் ஆச்சி. சரிதானா?
- ஒரு வாசகி, விக்கிரமசிங்கபுரம்.

பதில்: தண்ணீர் தோலுக்குள் இறங்குகிறது என்ற அளவில் ஆச்சி சொல்வது சரி. ஆனால், சுருக்கத்தை உண்டாக்குவது நரம்பு. வெறும் ஊறல்தான் காரணம் என்றால் வயிறும் முதுகும் ஏன் அவ்வாறு சுருங்குவதில்லை? கை விரல்களிலேயேகூட, நரம்பு அறுபட்ட விரல் எவ்வளவு நேரம் நீரில் கிடந்தாலும் வழவழவென்றே இருப்பதை மருத்துவர்கள் 1930களிலேயே கவனித்துவிட்டார்கள். பிற்காலத்தில் அதையே ஒரு சோதனையாக்கி, விரல் மரத்துப்போயிருப்பதைச் சொல்லத் தெரியாத சிறு குழந்தைகளின் கையை வெதுவெதுப்பான நீரில் வைத்து, எந்த விரலில் வரி விழவில்லை என்று பார்த்து நரம்புக் காயத்தைக் கண்டறிந்தார்கள்.

வியர்வைத் துளைகள் வழியே நீர் புகுந்ததும், நம்மைக் கேளாமலே இயங்கும் பரிவு நரம்புகள் விரல் நுனியின் நுண்ணிய இரத்தக் குழாய்களை இறுக்குகின்றன; இரத்தம் குறைந்து உட்சதை சற்றே வற்ற, மேல்தோல் மட்டும் பழைய அளவிலேயே இருப்பதால் மடிந்து வரிவரியாகிறது. குளிர்ந்த நீரில் இது தாமதமாகும். சித்திரை வெயிலில் சுட்டுக் கிடக்கும் தொட்டித் தண்ணீரில் சீக்கிரமே தெரியும்.

இதனால் பயன் உண்டா என்பதில்தான் சிக்கல். 2013இல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தார் நடத்திய ஆய்வில், நீரில் கிடந்த கோலிக்குண்டு போன்ற பொருள்களைச் சுருங்கிய விரல்கள் விரைவாக எடுத்து மாற்றின. உலர்ந்த பொருள்களில் வேறுபாடு இல்லை. மறு ஆண்டே வெளிவந்த ஒரு ஜெர்மானிய ஆய்வில் அந்தப் பலன் தென்படவில்லை. ஆகவே, வழுக்குப் பாறையைப் பற்றிக்கொள்ள இயற்கை செய்த ஏற்பாடு இது என்று அடித்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

புல்லரிப்புக்கும் அதே பரிவு நரம்புகளே காரணம். ஒவ்வொரு மயிர்க்காலிலும் ஒட்டியிருக்கும் சிறு தசையை அவை சுருக்க, மயிர் நிமிர்கிறது. அடர்ந்த ரோமமுள்ள விலங்குகளுக்கு அது காற்றைத் தேக்கிக் குளிரைத் தடுக்கும். நமக்கு அந்த அளவுக்கு ரோமம் இல்லாததால் தோலில் புள்ளிபுள்ளியாக எழும்புவதோடு சரி. அச்சத்திலும் பரவசத்திலும் இயங்குபவை அந்தத் தசைகளே என்பதால்தான், ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேர் நிலையை விட்டு அசையும்போது, வெயிலில் வியர்த்து நிற்பவருக்கும் உடல் சிலிர்க்கிறது.