சிறிய நிறுவனம் எது, பெரியது எது?

கேள்வி: அறுபது பேர் வேலை செய்யும் தையல் கூடம் குறுந்தொழிலாம், எட்டுப் பேர் மட்டுமே உள்ள குழாய்த் தொழிற்சாலை நடுத்தர நிறுவனமாம். வளரும் நாடுகளில் நிறுவனத்தின் அளவையும் துறையையும் எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

பதில்: அளவைக் கணிக்க ஆள் எண்ணிக்கை, முதலீடு, ஆண்டு விற்றுமுதல் ஆகிய மூன்றும் பயன்படுகின்றன, எதைத் தேர்ந்தெடுப்பது என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பிய ஒன்றியத்தின் வரையறை ஆள் எண்ணிக்கையில் தொடங்குகிறது: பத்துப் பேருக்குக் குறைவாக இருந்தால் குறு, ஐம்பதுக்குக் குறைவாக இருந்தால் சிறு, 250-க்குக் குறைவாக இருந்தால் நடுத்தரம், அதோடு பண வரம்பும் உண்டு. இந்தியா ஆள் எண்ணிக்கையைப் பார்ப்பதே இல்லை. 2025 ஏப்ரல் 1 முதல், இயந்திரங்களிலும் சாதனங்களிலும் போட்ட முதலீடு இரண்டரைக் கோடி ரூபாயையும் விற்றுமுதல் 10 கோடியையும் தாண்டாத நிறுவனம் குறு. 25 கோடி, 100 கோடி வரை சிறு. 125 கோடி, 500 கோடி வரை நடுத்தரம். இரண்டில் ஒன்றைத் தாண்டினாலும் மேல்நிலைக்குப் போய்விடும். தையல் இயந்திரங்களின் விலை குறைவு என்பதால், விற்றுமுதலும் வரம்புக்குள் இருந்தால், அறுபது பேர் உள்ள கூடமும் குறுந்தொழிலாகவே நிற்கும்.

குடும்பத்தினர், பருவகால ஆட்கள், பதிவேட்டில் ஏறாத கூலியாட்கள் எனப் பலரும் கலந்து உழைக்கும் நாடுகளில் ஆள் எண்ணிக்கை நம்பகமாகக் கிடைப்பதில்லை. பண அளவுகோலுக்கு உள்ள பெரிய நியாயம் அதுதான். ஆனால் அதற்கும் ஒரு குறை உண்டு. விலைவாசி ஏற ஏற வரம்பு பழசாகிவிடும். 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தில் சிறு உற்பத்தி நிறுவனத்துக்கு இருந்த ஐந்து கோடி வரம்பு, 2020 வரை மாறவே இல்லை. வேலைவாய்ப்பை அறிய விரும்பும் அரசு ஆள் எண்ணிக்கையையும் தனியே திரட்டியே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

துறையைப் பிரிக்க, பெரும்பாலான நாடுகள் ஐ.நா.வின் சர்வதேசத் தொழில் வகைப்பாட்டைத் தழுவிய பட்டியலையே வைத்திருக்கின்றன. அதில் நிறுவனத்தின் பெயருக்கோ உரிமையாளர் சொல்வதற்கோ இடமில்லை. எந்தச் செயல்பாட்டில் மதிப்புக் கூட்டல், அதாவது விற்ற மதிப்பில் வெளியே வாங்கிய பொருள், சேவைகளின் செலவு போக மிஞ்சுவது, அதிகமோ அதுவே அதன் துறை. 2008-இல் வெளியான நான்காம் திருத்தத்தின்படி, வாடிக்கையாளரின் அளவுக்குப் புதுச் சட்டை தைப்பது உற்பத்தி. பழைய சட்டையைப் பிரித்துத் திருத்தித் தருவது சேவை. இரண்டையும் ஒரே இயந்திரத்தில் செய்யும் தையற்காரரை எங்கே சேர்ப்பது? எந்த வேலையில் அவருக்கு மதிப்புக் கூட்டல் அதிகம் என்று கேட்க வேண்டும். வரவு செலவுக் கணக்கே எழுதாதவரிடம் அதைக் கேட்டுப் பெறுவதுதான் கணக்கெடுப்பாளரின் உண்மையான சிரமம்.

பதிவே செய்யாத நிறுவனங்களை விட்டுவிட்டால் வகைப்பாடு அரைகுறையாகிவிடும். 1993-இல் கூடிய தொழிலாளர் புள்ளியியலாளர்களின் பதினைந்தாவது சர்வதேச மாநாடு, முறைசாராத் துறையை உழைப்பவரின் தன்மையைக் கொண்டு வரையறுக்காமல், நிறுவனத்தின் தன்மையைக் கொண்டு வரையறுத்தது. தனியாகக் கணக்கு வைக்காத, உரிமையாளரிடமிருந்து சட்டப்படி பிரியாத வீட்டுத் தொழில்களும் இதனால் புள்ளிவிவரத்துக்குள் வந்தன.