வெறுப்பால் நடக்கும் கொலைகளை அமெரிக்கா பயங்கரவாதம் என்றே தண்டிக்க வேண்டுமா?

இனம், மதம் போன்றவற்றின் மீதான வெறுப்பால் செய்யும் குற்றங்களுக்கு ஏற்கெனவே வெறுப்புக் குற்றச் சட்டம் இருக்கும்போது, பயங்கரவாதம் என்று இன்னொரு சட்டம் எதற்கு என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டும் என்பதுதான் என் பதில், ஆனால் நியூயார்க் மாநிலம் செய்த மாதிரி இறுக்கிக் கட்டிய சட்டமாக இருந்தால் மட்டும். ஜார்ஜியா மாதிரி என்றால் வேண்டவே வேண்டாம்.

பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. உள்நாட்டுப் பயங்கரவாதம் என்றால் என்ன என்று 2001-லேயே ஃபெடரல் சட்டத்தில், அதாவது நாடு முழுமைக்குமான மத்திய அரசின் சட்டத்தில், எழுதி வைத்துவிட்டார்கள். உயிருக்கு ஆபத்தான குற்றமாக இருக்க வேண்டும், மக்களை மிரட்டவோ அரசின் கொள்கையை வளைக்கவோ செய்ததாகத் தெரிய வேண்டும், பெரும்பாலும் நாட்டுக்குள் நடந்திருக்க வேண்டும். விளக்கம் இருக்கிறது, ஆனால் அந்தப் பெயரில் தனியாக ஒரு குற்றமோ தண்டனையோ கிடையாது. அதனால்தான் 2019-ல் டெக்சாஸ் மாநிலம் எல் பாஸோவில் உள்ள வால்மார்ட் கடையில் லத்தீன் அமெரிக்க வம்சாவளி மக்களைக் குறிவைத்து 23 பேரைக் கொன்றவன் மீது, இதைப் பயங்கரவாதமாகவே பார்க்கிறோம் என்று அரசு வழக்கறிஞரே சொன்ன பிறகும், ஃபெடரல் வழக்கு வெறுப்புக் குற்றம், துப்பாக்கிக் குற்றம் என்றுதான் போடப்பட்டது. 2015-ல் சார்ல்ஸ்டன் நகரில் கறுப்பின மக்களின் தேவாலயத்தில் 9 பேரைக் கொன்றவன் மீது 33 ஃபெடரல் குற்றச்சாட்டுகள், ஒன்றுகூடப் பயங்கரவாதம் இல்லை.

சரி, முதலாமவனுக்கு 90 ஆயுள் தண்டனை, இரண்டாமவனுக்கு மரண தண்டனை, பெயர் மாறினால் மட்டும் என்ன ஆகிவிடப்போகிறது என்பீர்கள். வெறுப்புக் குற்றச் சட்டம், செத்தவரை ஏன் தேர்ந்தெடுத்தாய் என்று கேட்கிறது. பயங்கரவாதம் என்று சொல்லும்போதுதான், உயிரோடு இருக்கிறவர்களில் யாரையெல்லாம் நடுங்க வைக்கப் பார்த்தாய் என்ற கேள்வி வருகிறது. நியூயார்க் மாநிலத்தில் உள்ள பஃபலோ நகரை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 மே 14 அன்று 18 வயதுப் பையன் ஒருவன், கறுப்பின மக்கள் அதிகம் வாழும் இடமாகத் தேடிப் பிடித்து, சுமார் 200 மைல் கார் ஓட்டி வந்து, டாப்ஸ் சூப்பர்மார்க்கெட்டில் 10 பேரைச் சுட்டுக் கொன்றான். பத்துப் பேரும் கறுப்பர்கள். அந்தச் சுற்றுவட்டாரத்துக்கு இருந்த ஒரே சூப்பர்மார்க்கெட் அது, இரண்டு மாதம் மூடிக் கிடந்தது. திறந்த பிறகும் அதே வாசலைத் தாண்டிப் போய்க் காய்கறி வாங்கக் கால் வராதவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு நடந்ததை எந்தக் கொலைக் குற்றச்சாட்டுக்குள் அடக்குவது?

விஸ்கான்சினில் ஓக் க்ரீக் குருத்வாராவுக்கு ஒருமுறை போயிருக்கிறேன். 2012 ஆகஸ்டில் வெள்ளை இனவெறியன் ஒருவன் புகுந்து சுட்டதில் ஆறு பேர் அன்றைக்கே போனார்கள், ஏழாமவர் உடல் செயலிழந்து கிடந்து 2020-ல் இறந்தார். பிரார்த்தனைக் கூடத்துக்குப் போகும் கதவு நிலையில் ஒரு குண்டு துளைத்த ஓட்டையை அடைக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள், அதன் கீழே 'நாம் ஒன்று' என்று ஆங்கிலத்தில் ஒரு சின்னத் தகடு. அந்த ஓட்டை சுண்டுவிரல் நுழையும் அளவுதான். ஆனால் நான் போயிருந்த அன்று செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போன ஒவ்வொருவரும் அதைக் கடந்துதான் போனார்கள், நானும்.

நியூயார்க் சட்டம் 2020-ல் வந்தது, மான்சியில் ஒரு யூத மதகுருவின் வீட்டுக்குள் ஹனுக்கா பண்டிகையன்று நடந்த கத்திக்குத்துக்குப் பிறகு. ஐந்து பேரையாவது கொல்லவோ படுகாயப்படுத்தவோ நோக்கம் இருக்க வேண்டும், அந்த நோக்கத்துக்கு இனம், மதம், பூர்வீகம் போன்றவை முக்கியக் காரணமாக இருக்க வேண்டும், யாராவது செத்திருந்தால் முதல் நிலைக் குற்றம், பரோல் இல்லாத ஆயுள். அந்தப் பிரிவில் முதன்முதலில் தண்டனை பெற்றவன் பஃபலோ கொலைகாரன்தான். இந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டு மறியல் செய்பவரைப் பிடித்துப் போட முடியாது, அதுதான் எனக்குப் பிடித்தது.

ஜார்ஜியாவில் நடந்தது வேறு. சார்ல்ஸ்டன் கொலைகளைக் காரணம் காட்டி 2017-ல் தங்கள் மாநிலத்தின் உள்நாட்டுப் பயங்கரவாதச் சட்டத்தை விரித்தார்கள், அதில் முக்கியக் கட்டமைப்புகளுக்குச் சேதம் செய்வதும் சேர்ந்துகொண்டது. அப்புறம் அட்லாண்டாவில் காட்டை வெட்டிப் போலீஸ் பயிற்சி மையம் கட்டுவதை எதிர்த்தவர்களில் 40 பேருக்கு மேல் அதே சட்டத்தில் மாட்டினார்கள். தீ வைத்தவர்கள் இருந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் கைது ஆவணங்களில் ஷூவில் சேறு இருந்ததுகூட ஒரு காரணமாக எழுதப்பட்டது. தேவாலயத்தில் செத்த ஒன்பது பேரின் பெயரைச் சொல்லி வாங்கிய அதிகாரம் இது என்று நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

அதனால் ஃபெடரல் சட்டம் வந்தால் அதில் கொலை அல்லது கொலை முயற்சி, பலரைக் குறிவைத்த நோக்கம், வெறுப்பு, மூன்றையும் அரசுத் தரப்பு நிரூபித்தாக வேண்டும் என்று இருக்கட்டும். சொத்துச் சேதத்தை நுழைக்கக் கூடாது. வெளிநாட்டு அமைப்புகளுக்கு இருப்பது போல உள்நாட்டு அமைப்புகளுக்கும் ஒரு தடைப்பட்டியல் போடும் அதிகாரத்தை எந்த ஆட்சிக்கும் கொடுக்கக் கூடாது. இதில் ஒன்று தளர்ந்தாலும், சட்டத்தின் பெயர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், நான் எதிர்ப்பேன்.