இரண்டு பி.டி. பீரியட் போதுமா?

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூர் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருக்கிறேன். இந்த வருடம் டைம்டேபிள் போடும் வேலையும் என் தலையில் விழுந்துவிட்டது. ஆறு முதல் பத்து வரை 10 செக்‌ஷன். ஒரே ஒரு பி.டி. சார். நாளைக்கு 8 பீரியட், வாரம் 5 நாள். ஒரு செக்‌ஷனுக்கு வாரம் 2 பி.டி. பீரியட்தான் கொடுக்க முடிகிறது. போதாது என்கிறார்கள் பெற்றோர். போர்ஷன் முடியாது என்கிறார் தலைமையாசிரியர். என்ன செய்யலாம்?

பதில்: மூன்றாவது பீரியடைக் கேட்பதற்கு முன்னால், கையில் இருக்கும் இரண்டு என்ன ஆகிறது என்று பாருங்கள். ஒரு நாள் கடிகாரத்தோடு போய் மைதானத்து ஓரம் நில்லுங்கள்.

நான் புதுச்சேரியில் ஒரு பள்ளியில் அப்படி நின்றிருக்கிறேன். பெல் அடித்தது. முந்தைய பீரியட் டீச்சர் கடைசிக் கணக்கை முடிக்க 3 நிமிடம். மாடியிலிருந்து வரிசையாக இறங்க 4. ஸ்போர்ட்ஸ் ரூம் சாவி ஆபீஸில் இருந்தது. ஓடிப்போய் வாங்கி வந்தால் பந்தில் காற்று இல்லை, பம்ப் இருக்கிறது, ஊசியைக் காணோம். அதில் 5 போயிற்று. வரிசை, அட்டெண்டன்ஸ் என்று இன்னொரு 4. கடைசியில் தண்ணீர் குடித்து, முகம் கழுவி, மாடியேற 5. நாற்பதில் மிஞ்சியது 19. அதிலும் வாலிபால் ஆடியது 12 பேர். மீதி 28 பேர் வேப்பமர நிழலில் உட்கார்ந்து கதை பேசினார்கள். காகிதத்தில் அது ஒரு முழு பி.டி. பீரியட்.

கோ-கோ என்றால் எல்லோரும் ஓடுவார்கள் என்று நினைப்போம். முறைப்படி ஆடினால் துரத்தும் அணியில் 8 பேர் குந்தியிருப்பார்கள், ஒருவர் துரத்துவார், எதிரணியில் மூன்று பேர் உள்ளே இருப்பார்கள். ஆக, எந்த நேரத்திலும் ஓடுவது 4 பேர். போட்டிக்குத் தயாராகும் அணிக்கு அது சரி, நாற்பது பேர் வகுப்புக்குச் சரிப்படாது. பி.டி. சாரிடம் பேசி வகுப்பைப் பத்துப் பத்தாகப் பிரிக்கச் சொல்லுங்கள். ஒரு குழு ஐவர் ஐவராகக் கபடி, ஒன்று ஸ்கிப்பிங், ஒன்று கிளித்தட்டு, ஒன்று பந்து வீசிப் பிடிப்பது; 6 நிமிடத்துக்கு ஒரு விசில், இடம் மாறட்டும். கிளித்தட்டுக்குச் சுண்ணாம்புக் கோடு போதும், காசே வேண்டாம். குழுத் தலைவர்களே அட்டெண்டன்ஸ் சொல்லிவிடுவார்கள். பந்தும் கயிறும் முந்தைய இன்டர்வெலிலேயே வெளியே வந்துவிட வேண்டும். பி.டி. உள்ள நாளில் காலையிலேயே ஸ்போர்ட்ஸ் டிரெஸ்ஸில் வரச் சொன்னால் உடை மாற்றும் நேரமும் மிச்சம். பெண் பிள்ளைகள் பலர் ஒதுங்கி நிற்பதற்குப் பாதிக் காரணம் அந்த உடைதான் என்பது என் அனுபவம். இதையெல்லாம் செய்தாலே 28 நிமிடம் தேறும்.

சரி, டைம்டேபிளுக்கு வருவோம். நம் ஊர் வெயிலில் 11 மணியிலிருந்து 3 மணி வரை மைதானத்தில் ஓடவிடக் கூடாது. முதல் இரண்டு பீரியட், கடைசி இரண்டு பீரியட் மட்டும் வெளியே என்று வைத்தால் நாளைக்கு 4, வாரத்துக்கு 20. உங்கள் 10 செக்‌ஷனுக்குத் தலா 2, கச்சிதமாகப் பொருந்துகிறது. ஒரே செக்‌ஷனுக்குத் திங்களும் வெள்ளியும் சேர்ந்து விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விடுமுறை பெரும்பாலும் அந்த நாட்களில்தான் வந்து ஒட்டிக்கொள்ளும்.

மூன்றாவது பீரியட் கிடைத்தால் அதை 3-வது, 6-வது பீரியட்களில் போடுங்கள். ஐந்து நாளில் அது 10 இடம், செக்‌ஷனுக்கு ஒன்று. அது நிழலில் நடக்கட்டும்: யோகா, ஸ்கிப்பிங், தண்டால். பி.டி. சாருக்கு வாரம் 30 பீரியட் ஆகும். கனம்தான், அவருக்கு வேறு பொறுப்புகளைக் குறைத்துக் கொடுங்கள். இடம் எங்கே என்றால், ஜி.கே., மாரல் என்று தனித்தனியாக ஓடும் பீரியட்களில் ஒன்றை விட்டுக்கொடுக்கலாம். தலைமையாசிரியர் தயங்கினால், சிபிஎஸ்இ 2018-19 முதல் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை தினமும் ஒரு பீரியட் உடற்கல்விக்கு ஒதுக்கச் சொல்லியிருப்பதை எடுத்துச் சொல்லுங்கள். நாம் கேட்பது வாரம் மூன்றுதான்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை இந்தக் கணக்கையெல்லாம் கலைக்கும். மழை நாளில் பி.டி. பீரியட் தானாகவே கணக்கு பீரியட் ஆகிவிடக் கூடாது. பெஞ்சை ஓரம் தள்ளிவிட்டு வகுப்பறையிலேயே தோப்புக்கரணம், நின்ற இடத்தில் ஓட்டம், சுவரில் கை ஊன்றித் தண்டால் என்று ஒரு மழைக்காலப் பட்டியலை ஜூனிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

பெற்றோரிடம் ஒன்றை மறைக்காமல் சொல்லலாம். 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு நாளைக்குச் சராசரி 60 நிமிட உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். வாரத்துக்கு 420 நிமிடம். மூன்று பீரியடும் சரியாக நடந்தால் 84 நிமிடம். காலைப் பிரேயரில் தினமும் 10 நிமிட மாஸ் டிரில் சேர்த்தால் 134. மிச்சம் சைக்கிளில் பள்ளிக்கு வருவது, சாயங்காலத் தெரு விளையாட்டு, ஞாயிற்றுக்கிழமை தேவனாம்பட்டினம் சில்வர் பீச் மணலில் ஓட்டம் என்று வீட்டுப் பக்கத்திலிருந்துதான் வரவேண்டும். ‘சராசரி’ என்று சொல்லியிருப்பதால் ஒரு நாள் விட்டதை இன்னொரு நாள் ஈடுகட்டிக்கொள்ளலாம்.

அப்புறம், கடன். ஸ்டாஃப் ரூமில் ஒரு நோட்டு தொங்கவிடுங்கள். யார் பி.டி. பீரியடை வாங்கினாலும் பெயர், தேதி, திருப்பித் தரும் பீரியட் எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதே வாரத்துக்குள் திருப்ப வேண்டும். இதைச் செய்த பள்ளிகளில் கடன் கேட்பதே குறைந்ததைப் பார்த்திருக்கிறேன். நோட்டின் முதல் பக்கத்தில் கணக்கு டீச்சர் பெயர் வராமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.